அடைக்கலந் தந்த தெருவும் அதற்கொரு பூங்காவும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைப் பேச அழைத்தீர்கள். இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்து விரித்துரைப்பார் என்றே பலரும் எண்ணியிருப்பீர்கள். யாமோ இன்று கடல்கடந்து, வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் உள்ள ஒரு துறைமுக நகரத்திற்கு உங்களை அழைத்துச் செல்லக் கருதினோம். அந்நகரத்தார் தம் முன்னோரை நினைந்து 2023-ஆம் ஆண்டில் ஒரு பூங்கா அமைத்தனர். பூங்கா அமைத்தல் வியப்பன்று. அதனை யாருக்காக அமைத்தனர், எவ்விடத்தில் அமைத்தனர் என்பவற்றை ஆராயுங்கால் நாம் கற்றுக்கொள்ளத்தக்க செய்தி ஒன்று புலனாகின்றது. அதனையே இங்கு எடுத்துக் கூற முயல்கின்றோம். குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

அந்நகரின் பெயர் நியூ பெட்போர்டு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், அக்குஷ்நெட் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்தது. மண்ணெண்ணெயும் மின்சாரமும் வழக்கில் வாராத காலத்தில் மேலை நாட்டார் திமிங்கிலத்தின் நெய்யை எரித்தே தம் வீடுகளுக்கு விளக்கேற்றினர். அந்நெய்யின் வாணிகத்தில் நியூ பெட்போர்டு தலைசிறந்து நின்றது. 1857-ஆம் ஆண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அத்துறைக்கு உரியனவாய் இருந்தன. ஒருமுறை புறப்பட்ட கப்பல் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்புதலும் உண்டு. அத்துணை நெடிய, இடர்மிக்க கடற்பயணத்திற்கு ஆள் கிடைத்தல் அரிது. ஆகலின் வெள்ளையர், கறுப்பர், தீவுவாசிகள் எனப் பல இனத்தாரும் அக்கப்பல்களில் ஒருங்கே தொழில் செய்தனர். புதியவர் ஒருவர் தெருவில் நடந்தால், "நீ யார்? எங்கிருந்து வந்தாய்?" என்று உறுத்துக் கேட்பார் அவ்வூரில் குறைவு.

இது ஒரு காரணம். மற்றொரு காரணம் குவேக்கர் என்னும் சமயத்தார். கப்பலுடைய செல்வருட் பலர் அச்சமயத்தைச் சார்ந்தோர்; மனிதனை மனிதன் விலைக்கு வாங்குதல் பாவம் என்னும் கொள்கையர். மேலும் மாசச்சூசெட்ஸில் 1783-ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத் தீர்ப்பினால் அடிமைமுறை சட்டத்தின் ஆதரவை இழந்துவிட்டது. இவற்றால், தென்மாநிலங்களில் அடிமைகளாய் இருந்தோர் தப்பி ஓடிவருங்கால் நாடியடையும் ஊர்களுள் நியூ பெட்போர்டு ஒன்றாயிற்று.

ஆயினும் அடைக்கலந் தருதல் அவர்கட்கு எளிய செயல் அன்று என்பதை நீங்கள் உணர்தல் வேண்டும். 1793-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கூட்டரசு ஒரு சட்டம் செய்திருந்தது. தப்பி வந்த அடிமையை மறைத்து வைப்பவர்க்கு அச்சட்டப்படி 500 டாலர் தண்டம். நாட்கூலி ஒரு டாலர் கிடைத்த காலத்தில் ஐந்நூறு டாலர் என்றால், கூலிக்காரன் ஒருவன் ஓராண்டுக்கு மேல் உழைத்து ஈட்டும் பொருள் முழுவதும் அதற்கே போதாது. வாயிற் கதவைத் திறந்தவர் ஒவ்வொருவரும் இதனை அறிந்தே திறந்தனர்.

இனி அவ்வூருக்கு வந்த ஒருவரின் வரலாற்றைக் கூறுவாம். 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்துப் பால்ட்டிமோர் நகரிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் கப்பலோட்டியைப் போல் உடுத்து, பிறர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற மாலுமிச் சீட்டைக் கையிற் கொண்டு தப்பி ஓடினார். அவர் பெயர் பிரெடரிக் பெய்லி. உடனிருந்து துணைசெய்தவர் ஆனா மர்ரே என்னும் பெண்மணி. அவர் அடிமையாய்ப் பிறந்தவர் அல்லர். வீட்டுவேலை செய்து சேர்த்த தம் பொருளை இவர் செலவுக்கு உதவினார். நியூயார்க் நகரில் டேவிட் ரகிள்ஸ் என்னும் கறுப்பினப் பெரியார் இவரைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தார். ஆனாவும் அங்கு வந்து சேர, இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. கலப்பத்துத் தொழில், அஃதாவது மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரும் கீலும் இட்டு நீர்புகாமல் அடைக்கும் தொழில், அவ்விளைஞர்க்குக் கைவந்த தொழிலாகும். ஆகவே கப்பல் மிகுந்த நியூ பெட்போர்டுக்குச் செல்லுமாறு ரகிள்ஸ் அனுப்பிவைத்தார்.

வழியில் நியூபோர்ட் துறையில் இறங்கியபொழுது புதுமணமக்கள் கையில் குதிரைவண்டிக் கூலிக்குப் பணம் இல்லை. ஏறுவதா, நிற்பதா என்று அவர்கள் தயங்கி நிற்கையில், நியூ பெட்போர்டைச் சேர்ந்த ரிக்கெட்ஸன், டேபர் என்னும் குவேக்கர் இருவர் நிலைமையைக் குறிப்பால் உணர்ந்து, ஏறிக்கொள்ளுமாறு மெல்லப் பணித்தனர். ஊர் சேர்ந்ததும், கூலி தராமையால் வண்டிக்காரர் மூட்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். அந்த இரண்டு டாலரைக் கொடுத்து மூட்டையை மீட்டவர் நேதன் ஜான்ஸன் என்பவர். அவரும் கறுப்பினத்தவரே. அவர் மனைவி பாலி ஜான்ஸன் இனிப்புப் பண்டங்கள் செய்து விற்று ஊரிற் பெயர் பெற்றவர். செவன்த் தெருவில் இருந்த அவர்கள் இல்லத்திலே மணமக்கள் இருவரும் தங்கினர்.

மறுநாட் காலையில் ஒரு கேள்வி எழுந்தது. தப்பி வந்தவரைத் தேடி ஆள் வரக்கூடும். பழைய பெயரோடு இருத்தல் தகாது. நியூயார்க்கில் அவர் ஜான்ஸன் என்று பெயர் மாற்றி வந்திருந்தார். இவ்வூரிலோ ஜான்ஸன் என்னும் பெயருடையார் மிகப் பலர். ஆகவே வேறொரு பெயர் சூட்டுமாறு விருந்தினர் வீட்டுத் தலைவரையே வேண்டினார். பிரெடரிக் என்னும் முற்பெயரை மட்டும் தாம் விடமாட்டேன் என்றும் சொன்னார். நேதன் ஜான்ஸன் அப்பொழுதுதான் ஸ்காட் என்னும் கவிஞர் இயற்றிய 'ஏரி நங்கை' என்னும் காவியத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் வரும் வீரன் ஒருவன் பெயரை எடுத்து, டக்ளஸ் என்று அவருக்கு வைத்தார். பின்னாளில் பேச்சாலும் எழுத்தாலும் உலகப் புகழ் பெற்ற பிரெடரிக் டக்ளஸ் என்னும் பெயர் ஒரு தொழிலாளியின் வீட்டில், காலை உணவு வேளையில் பிறந்தது. உழைத்துக் காய்த்த கையினராகிய அந்நேதன் ஜான்ஸன், தம்மை அடிமைகொண்டிருந்த நாட்டுச் செல்வர் பெரும்பாலோரினும் மிகுதியான செய்தித்தாள்களைப் படித்தவர், நாட்டு நடப்பை நன்கறிந்தவர் என்று டக்ளஸே தம் சரித்திரத்தில் பாராட்டி எழுதியிருக்கின்றார்.

இங்கே நம் தமிழ்ச்சொல் ஒன்றை நினைத்தல் பொருந்தும். 'விருந்து' என்னும் சொல்லை இன்று நாம் உண்டிக்கும், உறவினர் வருகைக்கும் வழங்குகின்றோம். அச்சொல்லின் பழம்பொருள் 'புதுமை' என்பதாகும். புதிதாய் வந்தவர், முன்பின் அறியாதவர், அவரே விருந்தினர். திருவள்ளுவரும் இல்வாழ்வான் போற்றத்தக்கோரை வகுத்தெண்ணுங்கால், விருந்தினரை வேறாகவும் சுற்றத்தாரை வேறாகவும் வைத்தனர். சுற்றத்தாரைப் பேணுதல் இயற்கை அன்பு. அறியாதவரைப் பேணுதல் அறத்தாற் பிறக்கும் அன்பு. இரண்டும் வேண்டும். ஆயினும் பின்னதே அரிது. ஜான்ஸன் தம்பதிகள் செய்தது அந்த அரிய செயல்.

அன்பர்களே! அவ்வூரைக் குற்றமற்ற தருமபுரியாக உங்கள் முன் நிறுத்துதல் எம் கருத்தன்று. டக்ளஸ் முதன்முதல் ஈட்டிய கூலியைப் பாருங்கள். ஒரு குருவின் வீட்டு வாயிலில் நிலக்கரி குவிந்து கிடந்தது. அதனை உள்ளே எடுத்து வைத்தார். அவ்வீட்டு அம்மையார் இரண்டு வெள்ளி அரை டாலர்களைக் கையில் வைத்தார். இப்பணத்தைப் பிடுங்கிக்கொள்ள ஆண்டை ஒருவனும் இல்லை என்று எண்ணி அவர் மகிழ்ந்தார். ஆனால் கலப்பத்துத் தொழிலுக்குப் போனபொழுது நிகழ்ந்தது யாது? கப்பலுடையவர் வேலை தர இசைந்தார். கறுப்பர் ஒருவர் கப்பலின்மேல் உளி வைத்தால், தாம் அனைவரும் வேலையை விட்டு இறங்கிவிடுவோம் என்றனர் வெள்ளைத் தொழிலாளர். நாளொன்றுக்கு இரண்டு டாலர் தரும் தொழிலைக் கற்றிருந்தும், ஒரு டாலருக்கு மூட்டை சுமந்தும், விறகு அறுத்தும், பித்தளை வார்ப்படச் சாலையில் துருத்தி ஊதியும் அவர் வாழ நேர்ந்தது. வழிபாட்டிற்குச் சென்ற கோயிலிலும் வெள்ளையர் அனைவரும் நற்கருணை பெற்று முடிந்த பின்னரே கறுப்பரை அழைத்தனர். அதனைக் கண்ட டக்ளஸ் அக்கோயிலை விட்டு நீங்கிக் கறுப்பினத்தார் தாமே நடத்திய சயன் சபையிற் சேர்ந்தார்.

ஊரிலிருந்த அறிவுரைக் கழகமும் கறுப்பரை உறுப்பினராய் ஏற்க மறுத்தது. எமர்ஸன், சம்னர் என்னும் பேரறிஞர் இருவரும் 1845-ஆம் ஆண்டில் அக்காரணத்தாலேயே அங்குச் சொற்பொழிவாற்ற மறுத்துவிட்டனர். மேலும் 1840-களின் இறுதியில் அந்நகரில் தோன்றிய வாம்சட்டா என்னும் பெரிய நூற்பாலையில் நூற்ற பஞ்சு தென்னாட்டிலிருந்து வந்தது; அங்கே அதனை விளைத்தவை அடிமைகளின் கைகள். அடிமைமுறையை வெறுத்த ஊரே அடிமை விளைத்த பஞ்சில் இலாபம் கண்டது. இவ்விரண்டையும் சேர்த்து நினையாதார் அவ்வூரின் வரலாற்றை முழுதும் அறிந்தவர் ஆகார். ஊரின் பொதுவழக்கம் ஒருபுறம் இழுக்க, அதனை எதிர்த்துச் சிலர் கதவைத் திறந்தனர் என்பதிலேதான் அச்சிலரின் பெருமை விளங்குகின்றது.

டக்ளஸ் அவ்வூரில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மக்கள் மூவர் அங்குப் பிறந்தனர். 1841-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நந்தக்கெட் தீவில் கூடிய அடிமை ஒழிப்புப் பேரவையில் அவர் எழுந்து பேசினார். அன்று தொடங்கியது அவர்தம் பெருவாழ்வு. 1845-இல் தம் சரித்திரத்தை நூலாக்கினார். ஆண்டையின் பெயரையும் ஊரையும் அதில் வெளிப்பட எழுதியதனால் பிடிபடும் இடர் நேர, பிரிட்டனுக்குக் கப்பலேறினார். 1846-இல் அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டிக் கொடுத்து அவர் விடுதலையைச் சட்டப்படி பெற்றுத் தந்தனர்.

அவர் ஒருவரோடு அவ்வூரின் தொண்டு முடிந்துவிடவில்லை. 1849-ஆம் ஆண்டில் ஹென்றி பிரவுன் என்னும் அடிமை, மரப்பெட்டி ஒன்றனுள் தம்மை அடைத்து ஆணியடிக்கச் செய்து, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சரக்காக அனுப்பப்பெற்று, 27 மணி நேரம் கழித்து உயிரோடு வெளிவந்தார். அவரும் பின்னர் நியூ பெட்போர்டில் ரிக்கெட்ஸன் ஒருவரின் வீட்டில் அடைக்கலம் பெற்றார். 1850-ஆம் ஆண்டில் சட்டம் முன்னிலும் கடுமையாயிற்று. தண்டம் ஆயிரம் டாலராக உயர்ந்தது. ஆறுமாதச் சிறையும் அதனொடு சேர்ந்தது. மறு ஆண்டு, அடிமைகளைப் பிடிக்கக் கூட்டரசின் அதிகாரிகள் வருகின்றனர் என்னும் செய்தி பரவ, ஊர் மண்டபத்து மணியை அடித்து, ஒளிந்திருந்தோர் அனைவர்க்கும் எச்சரிக்கை செய்தனர் நகரத்தார்.

அவ்வூர்க் கறுப்பின மக்களுள் வேறு இருவரையும் குறிப்பிடுதல் வேண்டும். லூயிஸ் டெம்பிள் என்னும் கருமார் 1848-இல் புதுவகை எறியீட்டி ஒன்றைச் செய்தார். திமிங்கிலத்தின் உடலுட் பாய்ந்தவுடன் அதன் முனை குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். பின்னர் ஈட்டி கழன்று வாராது. வேட்டைத் தொழிலையே மாற்றிய அக்கருவிக்கு அவர் உரிமைப் பத்திரம் பெறவில்லை. பயன் பெற்றவர் பிறரே. வில்லியம் கார்னி என்பவர் அடிமையாய்ப் பிறந்து, நியூ பெட்போர்டில் வளர்ச்சி பெற்று, உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தாரின் 54-ஆம் படைப்பகுதியிற் சேர்ந்தார். 1863-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் வாக்னர்க் கோட்டைப் போரில் உடலெங்கும் புண்பட்டும் கொடியைத் தரையில் விழாமற் காத்தார். அதற்குரிய வீரப்பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900-ஆம் ஆண்டில். முப்பத்தேழு ஆண்டுகள்! புகழ் வருதற்கு இத்துணைக் காலம் ஆயிற்று. அதே போரில் டக்ளஸின் மூத்த மகன் லூயிஸும் நின்றார் என்பதும் அறியத்தக்கது. அவர் பிறந்த ஊரும் இதுவே.

இப்பொழுது பூங்காவுக்கு வருவோம். அந்த ஜான்ஸன் இல்லம் இன்றும் உள்ளது. அது நிலைத்தமைக்குக் காரணம் பாலி அம்மையார். 1849-இல் நேதன் ஜான்ஸன் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குச் சென்றார். சென்றவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் திரும்பவில்லை. 1871-இல் தாம் இறக்கும் வரை அவ்வம்மையார் வீட்டை இழவாமற் காத்தார். 2000-ஆம் ஆண்டில் அஃது அமெரிக்க நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் தகுதி பெற்றது. அதற்கு எதிரே, இரு தெருக்கள் கூடும் மூலையில் ஒரு வெற்றுமனை கிடந்தது. நியூ பெட்போர்டு வரலாற்றுக் கழகத்தார் நகராட்சியின் துணையோடு அதனைச் சோலையாக்கி, 'அடிமை ஒழிப்பு வரிசைப் பூங்கா' என்று பெயரிட்டு, 2023-இல் திறந்தனர். அச்சுற்றுப்புறத்தில் இனவேறுபாடின்றி அடிமை ஒழிப்பாளர் பலர் குடியிருந்தமையின் அப்பெயர் வந்தது. அங்கே ரிச்சர்ட் பிளேக் என்னும் சிற்பி வார்த்த டக்ளஸின் வெண்கல உருவம் இருக்கின்றது.

அவ்வுருவம் நாம் படங்களில் காணும் நரைத்த தலையும் கம்பீரத் தோற்றமும் உடைய முதியவர் உருவம் அன்று. இளைஞராகிய டக்ளஸின் உருவம். இதனை எம் மாணவரிடம் சொன்னபொழுது ஒருவன் கேட்டான்: "ஐயா, புகழ் பெற்ற காலத்து உருவத்தையன்றோ வைத்தல் வேண்டும்?" நல்ல வினா. அவ்வூரார் தம் கதவைத் திறந்தபொழுது அவர் புகழ் பெற்றவர் அல்லர். கையிற் காசில்லாதவர், சட்டத்தின் கண்ணில் பிறரது உடைமை, நாளைக்கு யாராவார் என்று ஒருவரும் அறியார். அந்நிலையில் ஏற்றவர்க்கே பெருமை உண்டு. புகழ் பெற்றபின் கதவு திறவாதார் யார்? ஆகவே இளைஞர் உருவத்தை வைத்தமையால், வந்தவரோடு வரவேற்றவரையும் அவர்கள் சிறப்பித்தனர் என்பது எம் கருத்து.

இப்பூங்காவினின்று யாம் உணர்ந்தவை மூன்று. முதலாவது இடம். எங்கேனும் அகன்ற நிலம் தேடாமல், செயல் நிகழ்ந்த வீட்டின் எதிரிலேயே நினைவை நட்டனர். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் நுழைவுக் கட்டணம் எதுவும் தாராமல் நிழலில் அமர்ந்து, "அந்த வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்க இயலும். கேள்வி பிறக்கும் இடமே நல்ல நினைவிடம். இரண்டாவது, பலர் பெயர் வாழ்தல். டக்ளஸ் ஒருவரை மட்டும் போற்ற நினைத்திருந்தால் 'டக்ளஸ் பூங்கா' என்று பெயரிட்டு முடித்திருப்பர். ஒரு தெருவின் வரிசைக்கே பெயர் சூட்டினர். பண்டம் செய்து விற்ற பாலி அம்மையாரும், வண்டியில் ஏறச் சொன்ன இருவரும் அப்பெயருள் அடங்குவர். மூன்றாவது, நினைவைப் பழக்கமாக்குதல். டக்ளஸ் எழுதிய சரித்திரத்தை ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊரார் ஒன்றுகூடி, ஒருவர் பின் ஒருவராக முதலிலிருந்து முடிவு வரை உரக்கப் படிக்கும் வழக்கம் பூங்கா தோன்றுமுன்னரே அங்கு ஏற்பட்டிருந்தது. படிக்கும் வாய் இல்லாத ஊரில் சிலை பறவைக்கு இருக்கையாகுமேயன்றி வேறு பயன் தாராது.

சங்கத்தீரே! நம்முடையது உறவால் கூடிய கூட்டம். ஒருவர்க்கொருவர் துணை நிற்றலே இதன் நோக்கம், அது நன்று. நம் சங்கங்களின் மண்டபங்களில் பொருள் கொடுத்தோர் பெயரைக் கல்லில் வெட்டுகின்றோம், அதுவும் வேண்டுவதே. ஆயினும் நம்மவரல்லாத ஒருவர் துன்புற்று வந்து வாயிலில் நின்ற நாளில், ஊரார் பழிப்பையும் அரசின் தண்டத்தையும் பொருட்படுத்தாது கதவைத் திறந்தவர் எவரேனும் நம் குடும்பங்களில் இருந்தனரா என்று முதியோரைக் கேட்டதுண்டா? இருந்திருப்பின் அவர் பெயர் எக்கல்லிலும் இராது. ஏனெனில் அவர் நமக்குக் கொடுத்தவர் அல்லர், பிறர்க்குக் கொடுத்தவர். அத்தகையோரை அறிந்து எழுதி வைத்தலே ஒரு குலத்தின் உண்மையான வரலாறு ஆகும். எத்தனை பேரைத் தன்னுள் அடக்கியது என்பதனினும், எத்தனை பேருக்குத் தன் நிழலைத் தந்தது என்பதனாலேயே மரமும் குலமும் மதிக்கப்பெறும்.

ஆகவே உங்களிடம் யாம் வேண்டுவது பெரிதன்று. இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்து மூத்தோரை அருகழைத்து, "நம் வீட்டுக் கதவு யாருக்காகத் திறந்தது? யாருக்காகத் திறவாது மூடிக்கிடந்தது?" என்னும் இரு வினாக்களையும் கேளுங்கள். இரண்டாவது வினாவையும் மறவாமற் கேளுங்கள். நியூ பெட்போர்டின் வரலாறு கலப்பத்தர் மறுத்ததையும் கழகம் மறுத்ததையும் மறைக்கவில்லை; அதனாலேயே ஜான்ஸன் வீட்டின் ஒளி நமக்குத் தெளிவாய்த் தெரிகின்றது. கிடைத்த விடைகளை எழுதி இவ்விதழுக்கு அனுப்புங்கள். அவை ஒரு சுவடியாகட்டும். சுவடி நிறைந்த பிறகு, அதற்கேற்ற நிழலையும் மரத்தையும் எங்கே நடுவது என்று நாம் கூடி ஆராயலாம்.

 சங்கம் தழைக்க, அதன் வாயில் அகல்க.